சமயம் இல்லாதார் உளரோ?



"சமயம் இல்லாத மனிதன் உலகில் இல்லை" என்று கூறுவாரை நாம் அடிக்கடி காண்கிறோம். கோயிலுக்குச் செல்பவனுக்கு அது சமயம். செல்லாதவனுக்குச் செல்லாமையே சமயம். கடவுள் இல்லை என்று மேடையேறி முழங்குபவனுக்கு அம்முழக்கமே சமயம் என்பது அவர்தம் வாதம். இதற்கு நேர்மாறாக, "சமயம் என்பது பிறர் நம்மீது ஒட்டிய சீட்டு, அதனை உரித்துவிட்டால் எவனுக்கும் சமயம் இல்லை" என்று கூறுவாரும் உளர். இரு கூற்றுகளும் கேட்பதற்கு எளியவை. கைதட்டல் பெறத் தக்கவை. ஆயினும் இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. எது மெய், எவ்வளவு மெய் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

இது வேலையற்றோர் திண்ணைப் பேச்சு என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஒருவருக்குச் சமயம் உண்டா, அவர் பின்பற்றுவது சமயந்தானா என்னும் வினாவிற்கு விடை கூறித்தான் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறோம், திருமணத்தைப் பதிகிறோம், மக்கள்தொகைக் கணக்கில் இடம் பெறுகிறோம். போருக்குச் செல்வதா, சிறைக்குச் செல்வதா என்பதையும் சில நாடுகளில் இவ்வினா முடிவு செய்திருக்கிறது. சொல்லுக்குப் பொருள் காண்பது புலவர் தொழில் என்று நாம் ஒதுங்கியிருந்தால், படிவம் அச்சிடுபவர் அப்பொருளை வரையறுத்துவிடுவார்.

முதலில் நம் சொற்களைப் பார்ப்போம். நன்னூல் கற்றவர்கள், அதன் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒரு தொடர் வருவதை அறிவார்கள். அங்கே மதம் என்பது சைவமும் அன்று, வைணவமும் அன்று. பிறர் கருத்தோடு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர் விலக்குதல், இருவர் மாறுபட்டு உரைத்த இடத்தில் ஒன்றைத் துணிதல் முதலாக, நூலாசிரியன் மேற்கொள்ளும் ஏழு நிலைகளைப் பவணந்தியார் மதம் என்றார். எண்ணுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஒருவன் எண்ணித் துணிந்த கருத்து என்பதே அதன் பழம்பொருள். யானைக்குப் பிடிக்கும் மதம் வேறு சொல். எழுத்தொற்றுமை கொண்டு இரண்டையும் ஒன்றாக்கி நகையாடுவது மேடை வழக்கம். அதற்கு இலக்கணம் பொறுப்பாகாது.

இனிச் சமயம் என்னும் சொல். உடன்பாடு என்றும் தக்க காலம் என்றும் பொருள்படுகின்ற அச்சொல், நெறி என்னும் பொருளிலும் பண்டே தமிழில் ஊன்றிவிட்டது. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர் பலரை அணுகி, அவரவர் கொள்கையைக் கூறுமாறு வேண்டுகிறாள். சைவவாதியும் வைணவவாதியும் வேதவாதியும் விடை கூறுகின்றனர். ஆசீவகரும் நிகண்டரும் சாங்கியரும் வைசேடிகரும் கூறுகின்றனர். இறுதியில் பூதவாதியும் பேசுகிறான். ஐம்பூதங்களின் கூட்டத்தால் ஆகியதே உலகும் உயிரும்; கண்ணால் கண்டதே மெய்; இம்மைக்கு அப்பால் ஒன்றுமில்லை என்பது அவன் கோட்பாடு. அவனைக் கேட்டு அவள் நகைக்கிறாள் என்பது உண்மையே. ஆயினும், கடவுளும் மறுமையும் கொள்ளாத அவனையும் சமயக் கணக்கர் வரிசையில்தான் சாத்தனார் நிறுத்தினார். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கமும், மறுக்கத்தக்க கொள்கைகளுள் உலகாயதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறது. மறுப்பதற்கேனும் அவனுக்கு அவையில் ஓர் இருக்கை இட்டனர் நம் முன்னோர்.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா! நாத்திகனுக்கும் சமயம் உண்டு என்று சாத்தனாரே ஒப்பினார்" என்று முதல் கட்சியினர் மகிழக்கூடும். சற்றே பொறுத்தல் வேண்டும். அக்காலத்தில் சமயம் என்பது ஆராய்ந்து கொண்ட கொள்கை. இக்காலத்தில் சேர்க்கைப் படிவத்தின் கட்டத்தில் நாம் எழுதும் சமயம், பெரும்பாலும் பிறப்பால் வருவது. ஒரு கூட்டத்தைக் குறிப்பது. திருமணம், சொத்துரிமை, ஈமக்கடன் ஆகியவற்றைத் தன்னோடு இழுத்து வருவது. ஒரு சொல்லின் பழம்பொருளில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, புதுப்பொருளில் தீர்ப்பு எழுதுவது அளவை நூலார் ஒப்பாத செயலாகும். "எனக்கொரு கொள்கை உண்டு" என்று ஒருவர் ஒப்பியதனால், "ஆகவே நீர் ஒரு சமயத்தார்" என்பது பெறப்படாது.

மேலைநாட்டு அறிஞர்களும் இவ்வரையறையோடு நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். மூவரை மட்டும் இங்கே குறிப்பிடுவேன். இங்கிலாந்தில் மானிடவியல் துறைக்கு அடிகோலியவருள் ஒருவரான எட்வர்டு டைலர், 1871-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், ஆவிப்பொருள்களில் நம்பிக்கை கொள்வதே சமயத்தின் குறைந்த அளவு இலக்கணம் என்றார். கடவுள், தேவர், முன்னோர் ஆவி ஆகிய எதை நம்பினும் அது சமயம். எளிய வரையறைதான். ஆனால் படைப்புக் கடவுளைக் கொள்ளாத சமணத்தின் உயிர்நாடி அறமும் நோன்பும் விடுதலையுமே அன்றோ? புத்தர் காட்டிய வழியின் நடுவிலும் துன்ப நீக்கமே நிற்கிறது. இவ்விரண்டின் நடுப்பொருளையும் டைலர் வரையறை தொடாமலே சென்றுவிடுகிறது.

பிரான்சு நாட்டுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்க்கைம், 1912-இல் வேறு வழி கண்டார். உலகப் பொருள்களைப் புனிதமானவை என்றும் மற்றவை என்றும் இரண்டாகப் பிரித்து, புனிதமானவற்றைச் சூழ்ந்த நம்பிக்கைகளாலும் செயல்களாலும் மக்களை ஒரே அறச் சமூகமாக இணைப்பது எதுவோ அதுவே சமயம் என்றார். கடவுள் இதில் கட்டாயமில்லை. ஆகவே புத்தமும் சமணமும் உள்ளே வந்துவிடுகின்றன. ஆனால் அவற்றோடு நாட்டுக்கொடியும், கட்சித் தலைவர் சிலையும், நினைவுத் தூணும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. கொடியை மிதித்தால் நம் நெஞ்சு பதறுகிறது. அதன்முன் எழுந்து நிற்கிறோம். அதனால் நாட்டுப்பற்று ஒரு சமயம் ஆகிவிடுமா?

செருமனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இறையியல் அறிஞர் பால் டில்லிக், ஒருவனுடைய இறுதியான நாட்டம் எதுவோ அதனிடத்தில் அவன் சமய உணர்வு இருக்கிறது என்று கருதினார். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாலும் எதனை விட்டுக்கொடுக்க மாட்டானோ, அது. ஆழ்ந்த கருத்துத்தான். ஆனால் இதனை அளவுகோலாகப் பிடித்தால், பணமே கதியென்று கிடப்பவனுக்குப் பணம் சமயமாகிவிடும். பிள்ளைகளுக்காகவே உயிர் வைத்திருக்கும் தாய்க்கு அவள் பிள்ளைகள் சமயமாகிவிடுவர். எல்லாவற்றையும் குறிக்கும் சொல் எதனையும் குறிப்பதில்லை. உணவு என்னும் சொல்லில் காற்றையும் அடக்கிவிட்டால், பசித்தவன் எதைக் கேட்பான்?

நூலறிஞர் வரையறை தவறினால் மறுபதிப்பில் திருத்திக்கொள்ளலாம். நீதிமன்றம் அவ்வாறு காலம் தாழ்த்த இயலாது. வழக்காடுவோர் வாயிலில் நிற்கின்றனர். நம் உச்சநீதிமன்றம் இவ்வினாவை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தது, அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் ஆகும். உடுப்பியிலுள்ள எட்டு மடங்களுள் ஒன்றான சீரூர் மடம், 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்தது. 1954-இல் தீர்ப்பு வந்தது. மனிதன் தன்னைப் படைத்தவனோடு கொண்ட உறவுபற்றிய கருத்தே சமயம் என்னும் பழைய அமெரிக்கத் தீர்ப்பொன்றின் வரையறையை நம் நீதிபதிகள் ஏற்கவில்லை. கடவுட் கொள்கையில்லாத புத்தமும் சமணமும் இந்நாட்டில் நன்கறியப்பட்ட சமயங்கள் என்பதை எடுத்துக்காட்டினர். சமயம் என்பது கோட்பாடு மட்டுமன்று; சடங்கும் வழிபாடும், உணவும் உடையும்கூட அதன் பகுதியாகலாம் என்றும் கூறினர்.

மற்றொரு வழக்கு ஆரோவில்லைப் பற்றியது. 1968-இல் தொடங்கப்பெற்ற அந்நகரின் நிருவாகத்தை, 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுவணரசு தற்காலிகமாக ஏற்றது. அரவிந்தர் வழி ஒரு சமயப்பிரிவு. ஆகவே அரசு தலையிடலாகாது என்று வாதிட்டனர். அரவிந்தரும் அன்னையும் தம் நெறி சமயமன்று என்றே கூறிவந்தனர். 1982-இல் உச்சநீதிமன்றப் பெரும்பான்மை நீதிபதிகள் அஃது ஒரு தத்துவமே என்று தீர்த்தனர். ஒரு நீதிபதி மட்டும் அதனைச் சமயமாகவும் கொள்ளலாம் என்று வேறுபட்டார். 1995-இல் இராமகிருஷ்ண மிஷன் தொடர்பான வழக்கில், அதனைப் பின்பற்றுவோர் இந்து சமயத்தின் வேறான தனிச்சமயத்தார் ஆகார் என்று அதே நீதிமன்றம் கூறியது. சமயச் சிறுபான்மையினரின் கல்வி நிலையங்களுக்குரிய உரிமை அவ்வழக்கின் பின்னே நின்றது. சமயம் எது என்று கேட்பவர், பெரும்பாலும் அதன்பின் வேறொன்றையும் கேட்கிறார் என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, 'எல்லாருக்கும் சமயம் உண்டு' என்பதை ஒரு நீதிமன்றமே ஏறத்தாழச் சொன்ன கதைக்கு வருவோம். அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேவை இருந்த காலம். பரம்பொருள் ஒன்றில் நம்பிக்கை கொண்டு, அதனால் போரை வெறுப்பவர்களுக்குச் சட்டம் விலக்களித்தது. டேனியல் சீகர் என்னும் இளைஞர் கடவுள் உண்டா இல்லையா என்பதை முடிவுசெய்யாமல், அறத்தின் பெயரால் விலக்கு வேண்டினார். ஒருவர் வாழ்வில் கடவுள் பெறும் இடத்திற்கு ஒப்பான இடத்தைப் பெற்ற உண்மையான நம்பிக்கை எதுவாயினும் போதும் என்று 1965-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறி, அவருக்கு விலக்களித்தது. ஐந்தாண்டு கழித்து எலியட் வெல்சு என்பவர் வந்தார். அவர் படிவத்தில் 'சமய' என்னும் சொல்லையே அடித்துவிட்டார். தம் கொள்கை சமயம் சார்ந்ததன்று என்று தெளிவாகக் கூறினார். அவருக்கும் 1970-இல் விலக்குக் கிடைத்தது. எவ்வாறு? தம் நம்பிக்கை சமயமன்று என்று அவர் கூறுவதற்கு மிகையான எடை தரவேண்டியதில்லை. அஃது அவர் வாழ்வில் சமயத்தின் இடத்தையே வகிக்கிறது என்று நீதிபதிகள் நால்வர் முடிவு செய்தனர்.

விளைவு நன்மைதான், மனச்சான்றுக்கு அஞ்சிய இளைஞர் சிறையினின்று தப்பினார். ஆனால் அவர் அடித்த சொல்லை எடுத்து அவர் நெற்றியிலேயே ஒட்டிவிட்டனர் அன்றோ? அதே வழக்கில் நீதிபதி ஆர்லன் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். சட்டம் சமயத்தாரையே கருதியது என்பது வெளிப்படை. சமயத்தாருக்கு விலக்களித்து, அதே உறுதியுடைய சமயமில்லாதாருக்கு மறுப்பது நடுநிலை அன்று. ஆகவே இருவருக்கும் விலக்களிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இரு வழியிலும் வெல்சு விடுதலை பெற்றார். ஆயினும் முதல் வழி, 'நீயும் எங்களில் ஒருவனே' என்று கூறி உரிமை தந்தது. இரண்டாம் வழி, 'நீ எங்களில் ஒருவன் அல்லாவிடினும் உரிமை உனக்கும் உண்டு' என்று கூறித் தந்தது. எது பெருந்தன்மை என்பதை நேயர்களே முடிவு செய்யுங்கள்.

சமயம் என்னும் சொல்லை அளவிறந்து விரித்தால் வரும் கேடு இதுவே: இல்லை என்பவனுடைய சொல் அவனிடமிருந்து பறிக்கப்படுகிறது. நம் நாட்டுச் சட்ட வரலாற்றில் இதன் மறுபுறமும் உண்டு. 1872-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்துகொள்ள விரும்பியவர், தாம் இந்து சமயத்தையோ இசுலாத்தையோ கிறித்தவத்தையோ அதில் கூறப்பட்ட பிற சமயங்களையோ பின்பற்றவில்லை என்று உறுதிகூற வேண்டியிருந்தது. அச்சட்டத்தை வேண்டி நின்றவர்கள் பிரம்ம சமாசத்தார். நாள்தோறும் இறைவனை வழிபடும் அன்பர்கள்! 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமே அந்நிபந்தனையை அடியோடு நீக்கியது. நம் மாநிலத்திலோ, புரோகிதரும் மந்திரமும் இன்றி நடைபெறும் சுயமரியாதைத் திருமணம் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சட்ட ஏற்புப் பெற்றது. எந்தச் சட்டத்தில் அத்திருத்தம் இடம்பெற்றது? இந்து திருமணச் சட்டத்தில்! சடங்கை விலக்கியவர்க்கும் இடம் தந்தது அச்சமயத்தின் பெயர் தாங்கிய ஏடேதான். சட்டத்தின் கட்டம் வேறு, நெஞ்சின் கட்டம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

விரித்தலால் கேடு வருமாயின், சுருக்கினால் நன்மை வருமோ எனின், அதுவும் இல்லை. சப்பான் நாட்டைப் பாருங்கள். அங்கே 1889-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சமய உரிமையை வழங்கியது. ஆனால் அரசு, சிந்தோ ஆலய வழிபாட்டைச் சமயமன்று என்றும், குடிமக்களின் கடமை என்றும் வகைப்படுத்தியிருந்தது. சமயமன்று எனவே, அதனை எல்லார்மீதும் சுமத்தலாயிற்று. 1891-ஆம் ஆண்டு சனவரியில் டோக்கியோவில் உச்சிமுரா கான்சோ என்னும் கிறித்தவ ஆசிரியர், பேரரசர் கையொப்பமிட்ட கல்வி ஆணையின்முன் போதிய அளவு குனிந்து வணங்கவில்லை என்று பழிசுமத்தப்பெற்றார், வேலையும் இழந்தார். அவர் பேரரசரை மதியாதவர் அல்லர்; வழிபாடு என்று தம் மனச்சான்று அஞ்சியதைச் செய்யத் தயங்கியவர். 'இது சமயமன்று, ஆகவே மறுக்க உனக்கு உரிமையில்லை' என்னும் சொல், சமய உரிமையின் வேரில் ஊற்றிய வெந்நீராயிற்று. அரசுக்கும் சிந்தோவுக்கும் இருந்த அப்பிணைப்பு 1945-ஆம் ஆண்டு திசம்பரில்தான் அறுந்தது.

அந்நாட்டிலேயே இன்னொரு புதுமையும் உண்டு. சமய அமைப்புகள் தரும் கணக்கின்படி அவற்றின் உறுப்பினரைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைவிட மிகுகிறது. ஒருவரே சிந்தோவிலும் புத்தத்திலும் எண்ணப்படுகிறார். ஆனால் மக்களை நேரில் கேட்டால், சமயம் இல்லை என்பவரே மிகப் பலர். அவர்களே புத்தாண்டில் ஆலயம் செல்கின்றனர். இறந்தோர்க்குப் புத்த முறையில் கடன் கழிக்கின்றனர். செயல் உண்டு, சேர்க்கை இல்லை.

நம் நாட்டிலோ, சமயம் உண்டு என்று கூறியும் பெயர் பெறாதோர் உளர். சார்க்கண்டிலும் சூழ்ந்த மாநிலங்களிலும் வாழும் பழங்குடி மக்கள் பலர் தம் நெறியைச் சர்ணா என்பர். சால மரங்கள் நிறைந்த புனிதச் சோலையே அவர்தம் கோயில். அம்மரம் பூக்கும் இளவேனிலில் சர்குல் விழா எடுப்பர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 49.5 லட்சம் பேர் தம் சமயம் சர்ணா என்று எழுதுவித்தனர். அதே கணக்கில் சமணர் தொகை ஏறத்தாழ 44.5 லட்சம். ஆயினும் சமணத்திற்குத் தனிக் கட்டம் இருந்தது. சர்ணா 'பிற சமயங்கள்' என்னும் பொதுப்பையில் விழுந்தது. தனிக் குறியீடு வேண்டுமென்று 2020-ஆம் ஆண்டு நவம்பரில் சார்க்கண்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தோனேசியாவிலும் பழங்குடி நெறியினர் அரசு ஏற்ற ஆறு சமயங்களுள் ஒன்றை அடையாள அட்டையில் எழுதவேண்டும், அல்லது அவ்விடத்தை வெறுமையாக விடவேண்டும் என்றிருந்தது. தங்கள் நெறியையே குறிப்பிடலாம் என்று 2017-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது.

ஆக, விரித்தாலும் கேடு, சுருக்கினாலும் கேடு. அங்ஙனமாயின் சமயத்தை எவ்வாறு அறிவது? நான் கொள்ளும் அளவை இது. சமயம் நான்கு புரிகளால் முறுக்கிய கயிறு போல்வது. உலகையும் உயிரையும் பற்றிய ஒரு கோட்பாடு முதற்புரி. வழிபாடு, நோன்பு, சடங்கு ஆகிய செயல் இரண்டாம் புரி. இன்னவாறு வாழ்க என்னும் ஒழுக்கம் மூன்றாம் புரி. இவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஒரு கூட்டம் நான்காம் புரி. எல்லாச் சமயத்திலும் நான்கும் ஒரே பருமனாக இருப்பதில்லை. சர்ணாவில் ஏட்டில் எழுதிய கோட்பாடு மெலிது. செயலும் கூட்டமும் தடித்தவை. சமணத்தில் படைப்புக் கடவுள் இல்லை. நோன்பும் ஒழுக்கமும் உறுதியானவை. ஆயினும் பல புரிகள் சேர்ந்து முறுக்கேறியமையால் இவையெல்லாம் கயிறுகளே. ஒற்றை இழையை எவரும் கயிறு என்று அழைப்பதில்லை.

இப்போது முதல் வினாவிற்கு விடை கூறலாம். பற்று இல்லாத மனிதன் அரியன். இது நன்று, இது தீது என்னும் துணிவு ஏறத்தாழ எல்லார்க்கும் உண்டு. அத்துணிவு ஓர் இழை; போற்றத்தக்க இழை. ஆனால் வழிபாடும் சடங்கும் கூட்டமும் இன்றி, அவ்விழை ஒன்றையே பற்றி வாழ்பவருக்குச் சமயம் உண்டு என்பது, இழையைக் கயிறு என்பதேயாகும். எல்லார்க்கும் ஒரு கொள்கை இருக்கலாம்; எல்லார்க்கும் சமயம் உண்டு என்பது பொருந்தாது.

"அவரைப் பெருமைப்படுத்தத்தானே அவ்வாறு கூறுகிறோம்? நாத்திகரும் நல்லவரே என்பதைத்தானே 'அவருக்கும் ஒரு சமயம் உண்டு' என்கிறோம்?" என்று சிலர் வினவக்கூடும். அவர்தம் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் அவ்வாழ்த்தின் அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: நல்லவராக இருக்கவேண்டுமெனில் ஏதேனும் ஒரு சமயம் இருந்தே தீரவேண்டும் என்பதே அது. விசயவாடாவில் நாத்திக மையம் நடத்திய கோரா, தீண்டாமை ஒழிப்பிலும் சாதி கடந்த திருமணத்திலும் வாழ்நாளைச் செலவிட்டவர். காந்தியடிகளோடு கடவுள்பற்றி நேரில் உரையாடியவர். காந்தியடிகள் அவரை மதித்தார். அவரும் தம் நாத்திகத்தை மறைக்கவில்லை. ஒருவரை மதிக்க, அவரை நம்முள் ஒருவராக மாற்றவேண்டியதில்லை. அதுபோன்றே, சமயம் உடையாரை எல்லாம் ஆராயாது நம்புவோர் என்று ஒதுக்குவாரும், கயிற்றின் நான்கு புரிகளுள் ஒன்றையே கண்டு பேசுகின்றனர் எனலாம்.

பள்ளியில் பல்லாண்டு பணியாற்றியவன் என்னும் முறையில் ஒன்று கூறி முடிக்க விரும்புகிறேன். சேர்க்கைக் காலத்தில் பெற்றோரிடம் சமயம் கேட்கும்போது பலவகை விடை வரும். "எங்களுக்குக் குலதெய்வம் உண்டு ஐயா, ஆண்டுக்கொரு முறை கிடா வெட்டிப் பொங்கல் வைப்போம். மதம் எதுவென்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்பார் ஒருவர். "மதம் இல்லை என்று எழுதுங்கள் ஐயா" என்பார் அடுத்தவர். முன்னவரிடம் கயிறு இருக்கிறது, அதன் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. பின்னவர் கயிற்றை வேண்டாவென்று வைத்தவர். எழுத்தர்களோ, இருவர் பெயரையும் பார்த்துவிட்டு, ஒரே சொல்லை இருவர்க்கும் எழுதிவிடுவது நம் நாட்டில் எங்கும் காணும் வழக்கமாகும். பிள்ளையின் பெயர் அதன் பெற்றோர் இட்டது; அதிலிருந்து அதன் நெஞ்சத்தை ஊகித்தல் முறையன்று.

இவ்வகையில் நம் சட்டம் நம் வழக்கத்தைவிட முன்னே செல்கிறது. விரும்பும் பெற்றோர் பள்ளிச் சான்றிதழில் சாதியில்லை, சமயமில்லை என்று குறிப்பிடலாம் என 1973-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு, சமய உரிமையைக் கூறுமுன் மனச்சான்றின் உரிமையைக் கூறுகிறது, அவ்வரிசை பொருளுடையது. 28-ஆம் உறுப்பு, அரசின் ஏற்போ உதவியோ பெறும் பள்ளியில், மாணவரை அவர்தம் இசைவின்றி, இளையராயின் காப்பாளர் இசைவின்றி, சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. 2014-இல் மும்பை உயர்நீதிமன்றத்தில் ஒரு விந்தை வழக்கு வந்தது. இயேசுநாதரை நம்புகிறோம், ஆனால் எந்தச் சமயத்தையும் சார்ந்தவர் அல்லோம் என்று சிலர் அரசிதழில் பதிய விரும்பினர், அச்சகத்தார் மறுத்தனர். சமயம் இல்லை என்று கூற எவருக்கும் உரிமை உண்டு. இன்ன சமயம் என்று கூறுமாறு அரசு வற்புறுத்தலாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. 2019-இல் திருப்பத்தூரில் வழக்கறிஞர் ஒருவர், தமக்குச் சாதியும் சமயமும் இல்லை என்னும் சான்றிதழை வட்டாட்சியரிடம் பெற்றார். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சமயத்தைக் குறிப்பிடாதோர் ஏறத்தாழ 28.7 லட்சம் பேர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அவருள் எத்தகையோரும் இருக்கலாம். ஆனால் அவ்விடம் வெறுமையாக நிற்கும் உரிமை பெற்றது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் அலுவலக அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. சமயத்தைக் கேட்கவேண்டிய இடத்தில் கேளுங்கள். கூறியதைக் கூறியவாறே எழுதுங்கள். நீங்கள் கேள்விப்படாத பெயரைக் கூறினால் அதனையும் எழுதுங்கள். இல்லை என்றால், இல்லை என்றே எழுதுங்கள். "அப்படி ஒருவர் இருக்க முடியாது" என்று வாதிடாதீர்கள். சமயம் யாது என்பதை அறிஞர் தொடர்ந்து ஆராயட்டும். நீதிபதிகள் வழக்குத்தோறும் தீர்க்கட்டும். தன் நெஞ்சில் கயிறு உண்டா, இழை உண்டா என்பதைச் சொல்லும் உரிமை, அந்நெஞ்சை உடையவருக்கே உரியது.